‘நீரே’ பாட்டும் கோமதி அக்காவின் கோபமும்

செவ்வாய்க்கிழமை காலை, கோமதி அக்காவிடம் பாடிய சரோஜா குடியாத்தத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். “தாமஸண்ணே, அக்கா போய்ட்டாங்க” என்றார். மறுநாள் நாளிதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. தியான இசை தந்த சாந்தமான பெண்மணி என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் தாளைக் கிழித்துப் போட்டேன். கோமதி அக்காவோடு ஒரு நாளாவது பழகியவர்களுக்குத் தெரியும், அவர் சாந்தமானவர் இல்லை. அவர் சாந்தமாக இருக்க இந்த ஊர் விட்டதும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அவர் சத்துவாச்சாரியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். நான் வேலூர் பஜாரில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்தேன். விடுமுறை நாட்களில் சினிமாவின் தியானக் காட்சிகளுக்கும் செய்திப்படங்களுக்கும் அவர் இசை அமைப்பார், நான் பதிவு செய்வேன். ஒரு தம்புரா, குடியாத்தத்துத் தறிக்காரக் குடும்பங்களிலிருந்து நான்கு பெண்கள், ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். அந்தச் சொல்லை நீண்ட மூச்சில் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். சரோஜா ஒருமுறை குரலில் பக்தியைக் குழைத்தபோது தம்புராவை நிறுத்திவிட்டார். “இன்னா சரோஜா, யார்கிட்ட கெஞ்சற? குழைவைக் கம்மி பண்ணு. சொல்லைச் சொல்லிட்டு சும்மா இரு.” என் பக்கம் திரும்பினார். “நீ கடிகாரத்தைப் பாக்காதே தாமஸ். மூச்சு முடியற எடத்துல பாட்டு முடியட்டும்.”

பாலாற்றைப் பற்றிப் படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் வந்தார். அக்காவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ‘நீரே’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு ஆறு ஞாயிற்றுக்கிழமை உழைத்தார். அந்த ஒலிநாடாவைக் கேட்டவர்கள் பேச்சை மறந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாடாவைச் சென்னைக்கு எடுத்துப்போனவன் நான். படத்தொகுப்பு அறையில் படத்தைப் பார்த்துவிட்டேன். அது தோல் தொழிற்சாலை முதலாளிகள் சிலர் எடுக்க வைத்த படம். ஆம்பூருக்கு வெளியே ஓடும் கழிவு வாய்க்காலை, வெயிலில் மின்னும்படி தூரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். இந்த நீரால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஒரு கனத்த குரல் சொன்னது. அதன் அடியில் எங்கள் ‘நீரே’. இயக்குநர் என் தோளில் கை போட்டு, “அடுத்த மூணு படத்துக்கும் நீங்கதான் சவுண்ட்” என்றார். காட்பாடியில் ரயில் இறங்கி நேராக அக்காவிடம் போய், “நல்லா வந்திருக்குக்கா” என்றேன்.

ஆம்பூர் தியேட்டரில் மதியக் காட்சிக்கு முன்னால் அந்தப் படத்தைப் போட்டார்கள். பாடிய நால்வரும் நாங்கள் இருவரும் போயிருந்தோம். வாய்க்கால் திரையில் வந்ததும் அக்கா எழுந்து நின்றார். “நிறுத்துங்கடா! எதுக்குப் போட்ட பாட்டை எதுல கொண்டாந்து ஒட்டி வெச்சிருக்கீங்க!” பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். டிக்கெட் கிழிப்பவர் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார்.

வாசலில் சரோஜா அழுதுகொண்டிருந்தார். அவருடைய பிறந்த வீடு அந்த வாய்க்காலை ஒட்டிய கிராமத்தில் இருந்தது. அங்கே கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. “எங்க ஊரு தண்ணி நல்ல தண்ணின்னு என் கொரலாலயே சொல்ல வெச்சிட்டீங்களேக்கா” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தலையாட்டினேன்.

“உனக்குக் காது இருக்குதுன்னு உன்னைக் கூடவே வெச்சிக்கினேன் தாமஸ். வேற எதையும் நான் பாக்கல. என் தப்பு.”

ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் கடைக்கு வந்து, “மெஷினை எடு. சரோஜா ஊருக்குப் போறோம்” என்றார். அதே கிணற்றடியில் அதே நான்கு பெண்கள் ‘நீரே’ சொன்னார்கள். ஒவ்வொரு மூச்சு முடிந்த இடைவெளியிலும் ஊர்க்காரர் ஒருவர் பேசினார். எந்த மாடு செத்தது, எந்தப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் புண், தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்த நாடாவை ஓர் அதிகாரியிடம் கொண்டுபோய்ப் போட்டோம். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அவர், “மனசுக்கு ரொம்ப அமைதியா இருக்கும்மா” என்றார். அக்கா மேசையில் அடித்தார். “மனசை அடக்கத்தான் சார் நான் பாட்டுப் போடறேன். ஊர் வாயை அடக்க இல்ல!”

அதன்பிறகு எந்த சினிமாக்காரரும் அவரைக் கூப்பிடவில்லை. முதலாளிகளின் படம் பல வருடம் ஓடியது. கிணறு இன்றும் பழுப்பாகவே இருக்கிறது. அக்கா கடைசிவரை தட்டச்சு செய்தார்.

இந்த ஞாயிறு இரங்கல் கூட்டமாம். தியேட்டரில் ஓடிய பழைய நாடாவை என்னிடம் கேட்கிறார்கள், பின்னணியில் மெதுவாகப் போடுவதற்கு. தரமாட்டேன். கிணற்றடி நாடாவைத்தான் கொண்டுவருவேன், முழுக்கப் போடுவேன், சத்தமாகப் போடுவேன். பொறுக்காதவர்கள் எழுந்து போகலாம்.

அந்த நாடாவில் தம்புரா தொடங்குவதற்கு முன் அக்காவின் குரல் மட்டும் ஒரு கணம் கேட்கும். “தாமஸ், இதையும் எவன்கிட்டயாவது தூக்கிக் குடுத்துடாதே.” எத்தனையோ நாடாக்களைச் சுத்தம் செய்து வெட்டி ஒட்டியவன் நான். அந்த இடத்தை மட்டும் வெட்டவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு வரிதான்.