நீடாமங்கலத்தில் நகர்ந்த வெள்ளைக் கோடு

தஞ்சாவூர், காலை 9.10. கூத்தாநல்லூருக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர். நண்பர் ஜமாலின் 1984 மாடல் பெட்ரோல் காரில் நான் முன்னால், அவர் மனைவி ரஹீமா பின்னால்.

மூன்று வாரத்தில் இந்தக் கார் மூன்று முறை நடுவழியில் நின்றிருக்கிறது. மூன்று பட்டறைகள் டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, சரிசெய்து அனுப்பின. கடைசியாக நேற்று, தஞ்சாவூரில். இன்றும் வழியில் நின்றால் வெள்ளிக்கிழமை காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ரஹீமாவின் நிபந்தனை.

"சார் சாட்சி. நான் ஒண்ணும் சொல்லல, வண்டியே சொல்லட்டும்" என்றார் ரஹீமா.

புறப்படுமுன் ஜமால் போனட்டைத் திறந்து, நாடாவாகக் கிழித்த சைக்கிள் டியூபை டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி இறுகக் கட்டினார். நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பொறி அனுப்பும் பாகம் அது. ஐப்பசி மழையில் சாலைத் தண்ணீர் தெறித்து உள்ளே போனால் இன்ஜின் நின்றுவிடும்.

9.55. அம்மாபேட்டை தாண்டியாயிற்று. இருபுறமும் புதிதாக நட்ட சம்பா. சின்ன வாய்க்கால் பாலம் ஏறவே கார் இரண்டாவது கியருக்கு வந்தது. சூடு காட்டும் முள் மேலே போயிற்று.

"மூணு மெக்கானிக்கும் தப்பாவா பாத்திருப்பாங்க? வண்டிக்கே முடியல" என்றார் ரஹீமா.

"இன்னும் நிக்கலல்ல?" என்றார் ஜமால்.

10.40. நீடாமங்கலத்துக்குள் கார் ஊர்ந்து நுழைந்தது. டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று கண்ணில் பட்டது. அதன் மெக்கானிக் செல்வராஜ் டியூபை அவிழ்த்தார். ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் டைமிங் லைட்டை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, கீழே சுழலும் புல்லியின் மேல் ஒளியைக் காட்டினார். மின்னும் ஒளியில் அசையாததுபோல் தெரியும் அதன் வெள்ளைக் கோடு குறிக்கு நேரே நிற்க வேண்டும். விலகி நின்றது, பொறி தாமதமாகிறது என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டரை லேசாகத் திருப்பிக் கோட்டை நேராக்கி, போல்ட்டை முடுக்கினார்.

"நேத்துத்தான் செட் பண்ணாங்கன்னா, அதுக்குள்ள திருப்புனது யாரு பாய்?"

"யாரும் தொடலைங்க."

செல்வராஜ் டியூபை நீட்டினார். "காலையில கட்டுன மாதிரியே கட்டுங்க."

ஜமால் ஒரு காலை பம்பரில் ஊன்றி, இழுத்து இழுத்துக் கட்டினார். மறுபடி இன்ஜின், மறுபடி ஒளி. வெள்ளைக் கோடு ஒரு நெல் நீளத்துக்கு நகர்ந்திருந்தது.

"பிடிச்சிருக்கிற போல்ட்டுல மரை தேஞ்சிருக்கு. உள்ள ரோட்டர் சுத்துற பக்கமே நீங்களும் இழுக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பிடுது."

மூன்று பட்டறைகளிலும் டியூபை அவிழ்த்துத்தான் வேலை பார்த்தார்கள். வாசலைத் தாண்டியதும் ஜமால் மறுபடி கட்டிக்கொண்டார். கட்டும்போது எவரும் பார்க்கவில்லை.

"அப்ப மூணு வாரமா வண்டிய நிறுத்துனது நீங்கதானா?" ரஹீமா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

புது போல்ட் இருபது ரூபாய், கூலி இருநூற்றைம்பது. டைமிங்கை மறுபடி நேராக்கிய செல்வராஜ், ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டார். "தண்ணிய இது தாங்கும். டியூப் வேணாம்."

12.15. மன்னார்குடி தாண்டியதும் மழை பிடித்தது. தாழ்வான ஓரிடத்தில் சாலையை மூடித் தண்ணீர் நின்றது. ஜமால் ஓரங்கட்டி, சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்தார். அவர் இழுத்துக் கட்டுகிற கட்டில் புது போல்ட்டும் நழுவினால் கார் நிற்கலாம். நின்றால் ரஹீமா நினைத்தது நடக்கும்.

"இறங்காதீங்க. அவரு சொன்னத ஒரு தடவ கேளுங்க" என்றார் ரஹீமா.

ஜமால் முதல் கியரைப் போட்டார். நடுத்தண்ணீரில் இன்ஜின் இரண்டு முறை இருமியது. அக்கரை மேட்டில் அது ஒரே சீராக ஓடியது.

1.05. கூத்தாநல்லூர். கார் வழியில் எங்கும் தானாக நிற்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நான் பேருந்துக்குப் புறப்பட்டபோது, ஜமால் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப, வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை வேதாரண்யம் போகணும், அக்கா வீட்டுக்கு" என்றார் ரஹீமா. "பின்கதவுக் கண்ணாடி இறங்க மாட்டேங்குது. மொதல்ல அத சரி பண்ணுங்க."