மடக்கிய குடையும் மூடிய ஓடையும்

செம்பூர் பஸ் நிறுத்தத்தில், ஆடி மழையில் ஒருவரைப் பார்த்தேன். முழங்கால்வரை மடித்த பேண்ட், கையில் பெரிய கறுப்புக் குடை. அதை விரிக்காமல், நுனியால் சாக்கடைக் கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளைக் கிளறி எடுத்துக்கொண்டே இருந்தார்.

"நனையறேளே," என்றேன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்கு சார்." பேச்சு திருநெல்வேலி. "ஊர்ல என் வயலைச் சுத்தி, இங்க இருந்தே போன்ல சொல்லிச் சுவர் கட்டினேன். குறுக்க ஒரு ஓடை. காஞ்சுதான கெடக்குன்னு அதையும் மூடச் சொன்னேன். போன ஐப்பசி மழையில தண்ணி கீழத்தெரு வீடுகளுக்குள்ள போயிட்டு."

"சுவரை இடிக்கச் சொல்லலாமே?"

"சொல்லிப் பாத்துட்டேன். பின்னால கேஸ் போடுவேன்னு பயந்து ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கான். ஐப்பசிக்குள்ள நான்தான் போகணும். கம்பெனில லீவு தரமாட்டேங்காங்க."

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் இன்னொரு பையை இழுத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் எனக்கும் ஒரு மனை உண்டு. அதன் சுவரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் முன்பு தண்ணீர் ஓடியதா என்று கேட்க, பஸ்ஸிலேயே போனை எடுத்தேன்.

இன்னும் கேட்கவில்லை.