பூதம் சாகத்தான் வேண்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் நான் எழுதிய கதையை வைத்தே ஒரு பிள்ளை என்னை மடக்கினால் கேட்கவா வேண்டும்?

கதை இதுதான். ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மலைக்குள் ஒரு பூதம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் மேல் மண் சரியாமல் முதுகால் தாங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பெருமழையில், லயத்து ஆட்கள் எல்லாரும் வெளியேறும்வரை தாங்கிவிட்டுச் செத்துப்போகும். பிள்ளைகளுக்கென்று நான் எழுதிய ஒரே நாவல். எங்கள் பாடசாலையில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். கடைசி நாள் வகுப்பே மூக்கைச் சிந்தியது. மறைப்பானேன், எனக்குப் பரம சந்தோஷம்.

ஹட்டனில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு தம்பி அதைப் படமாக்கலாம் என்று வந்தான். பிள்ளைகள் துள்ளவில்லை, முறைத்தார்கள். அவர்களுக்குப் பிடித்த புத்தகம் ஒன்று டிவியில் படமாக வந்தபோது, நல்ல இடங்களையெல்லாம் வெட்டியிருந்தார்களாம். "ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்" என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அந்தச் சத்தியத்தைக் காவல் காக்க வகுப்பிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். படப்பிடிப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் புத்தகத்தை விரித்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பாள். "பூதத்துக்கு எடது காதுலதான் பாசி டீச்சர். வலதுல இல்ல." கொழுந்து பறிக்கிற மலையில் மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கு அவளிடம் தோற்றுப்போவார். நாங்களும் அவளைக் "கண்டாக்கு ஐயா" என்றே கூப்பிட்டோம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, பதவி கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டாள்.

பூதமாக நடித்தவர் தேயிலை பெக்டரியில் வேலை செய்கிற ஓர் அண்ணன். நல்ல உயரம். உரச்சாக்கில் தைத்த உடுப்பு, மேலெல்லாம் சேறும் பாசியும். மாசி மாதக் காமன் கூத்தில் காமனாக வந்து எரிகிறவரும் அவர்தான். பூதம் சாகிற காட்சியை எடுக்க வேண்டிய அன்றைக்குப் பார்த்து, நடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"சாவுறேன் டீச்சர், அதுல ஒண்ணுமில்ல. ஆனா எழுப்பிவுடணும்."

"கதையில அப்படி இல்லயே அண்ணே."

"வருசா வருசம் கூத்துல எரியுறேன். மூணாம் நாள் தப்பு மேளம் அடிச்சு எழுப்புறாங்கல்ல? செத்தவன எழுப்பாம வீட்டுக்கு அனுப்புனா, என் சம்சாரம் கதவத் தொறப்பாளா?"

சம்சாரம் அங்கேதான் நின்றார். "தொறக்க மாட்டேன்," என்றார்.

கந்தப்பளைப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போனால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. இனிவரும் ஞாயிறுகளெல்லாம் தம்பிக்குக் கல்யாண வேலை. அதுதான் கடைசி நாள். நான் இறங்கி வந்தேன்.

"சரி, கடைசியில பூதம் ஒரு கண்ண மட்டும் தொறக்கட்டும். என் கதைதானே."

புத்தகம் பட்டென்று மூடியது. "அப்ப நாங்க வகுப்புல அழுதது பொய்யா டீச்சர்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எழுதுனது நான், புள்ள!"

"வாசிச்சது நாங்க."

அடேயப்பா! கொஞ்ச நேரம் பூதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அண்ணனின் சம்சாரத்திடம் போனாள்.

"மாமா சாவட்டும் அத்த. கேமராவ மூடிட்டு எழுப்புவோம்."

புருசனும் பெஞ்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தப்பு வேணும்," என்றார் அண்ணன். லயத்திலிருந்து தப்பு வந்தது.

பூதம் செத்தது. அப்படியொரு சாவு! தம்பி "கட்" சொன்ன கையோடு, அவள் தன் சுவெட்டரைக் கழற்றிக் கேமராவின் மேல் போட்டு, எங்காவது இடுக்கு இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள். தப்பு முழங்கியது. சம்சாரம் தண்ணீர் தெளித்தார். பூதம் அசையவில்லை. கூத்துக்காரர் அல்லவா, கொஞ்சம் காக்கவைத்தார். "எந்திரிங்க மாமா! எந்திரிங்க!" என்று குளிரில் வெடவெடத்தபடி முதலில் கத்தியது எங்கள் கண்டாக்கு ஐயாதான். அவர் எழுந்ததும் மலையே கேட்கக் கூவினோம். அவள் சேறு அப்பிய உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பாடசாலை மண்டபத்தில் படத்தைப் போட்டோம். புத்தகத்தில் இருந்தபடியே பூதம் செத்தது, படம் முடிந்தது. முன் வரிசையில் இரண்டாம் ஆண்டுக் குட்டி ஒன்று ஏங்கி ஏங்கி அழுதது. சமாதானம் சொல்ல எழுந்தேன். கண்டாக்கு ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் அழட்டும் டீச்சர்."

பிறகு அவளே போய், குட்டியின் காதோடு குனிந்தாள்.

"யாருக்கும் சொல்லாத. அதுக்கப்புறம் நாங்க எழுப்பிட்டோம்."