மீசை அரும்பாத இளவரசன்

நாடக நடிகை கிளிக்கு முப்பத்தொன்பது வயசு. மேடையில் அவளுக்கு மகன் ஐம்பத்தெட்டு வயசுக்காரர். இந்தக் கண்றாவியை எங்கே போய்ச் சொல்ல?

அந்த மகன் வேற யாருமில்லை, நாடகக் குழுவின் முதலாளிதான். ஊரே அவரை 'அண்ணன்' என்று கூப்பிடும். பழைய அரச நாடகத்தில் இளவரசன் வேஷத்தை இதுவரைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தலைக்கு மை, தொப்பைக்கு இடுப்புப்பட்டை, பல்லைக் காட்டி ஒரு சிரிப்பு. ச்சீ!

இந்தத் தடவை இளவரசி வேஷம் கிளியின் மகளுக்கு. போன மாசம்தான் பதினெட்டு முடிந்தது. ஒத்திகை முடிந்து வந்தவள் அழுதாள். "இடுப்புல கையை வெச்சா எடுக்கவே மாட்டேங்கிறாரும்மா."

கிளியும் ஒரு காலத்தில் இதே இளவரசிதான். இதே கைதான். அப்போது இளவரசனுக்கு அம்மா வேஷம் போட்டவள், 'பதினாறில் உன்னைப் பெற்றேன், உனக்கோ இன்னும் மீசை அரும்பவில்லை' என்றதும் கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளே அண்ணன் அந்த வசனத்தைத் தூக்கிவிட்டார்.

அவரிடமே போய்க் கேட்டாள். "அண்ணே, இளவரசன் சின்னப் பையன். நீங்க ராஜா வேஷம் போடுங்களேன்."

"கலைக்கு ஏதும்மா வயசு? நாடகத்துல எங்கயாவது எழுதியிருக்கா? எல்லாம் நாம கொடுக்கிற விளக்கம்தான்." அதோடு விட்டாரா? "உன் மக எனக்கும் மக மாதிரி" என்றார், வாய் கூசாமல்.

நாடகத்தன்று கல்யாணக் காட்சி. கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது. மகள் நெளிந்தாள். நரைமுடி டோப்பாவோடு நின்ற கிளி முன்னால் வந்து, வெட்டிப்போட்ட வசனத்தைக் கணீரென்று சொன்னாள்.

"பதினாறில் உன்னைப் பெற்றேன், உனக்கோ இன்னும் மீசை அரும்பவில்லை!"

கொட்டகை கொல்லென்று சிரித்தது. அண்ணன் முகத்தில் அப்பிய பவுடரையும் மீறி வேர்த்துக் கொட்டியது. கை மட்டும் நகரவில்லை.

அண்ணே, வாங்க, போங்க என்றே இருபது வருஷம் கூப்பிட்ட வாய் அவளுக்கு. ஆனால் மேடையில் அவள் பெத்தவள் இல்லையா?

"கையை எடுடா!"

இது எந்தப் பிரதியிலும் இல்லாத வசனம். கூட்டத்துக்கு அது தெரியாது, கைதட்டித் தீர்த்தது. அத்தனை பேருக்கு முன்னால், அம்மா சொன்னால் இளவரசன் கேட்டுத்தானே ஆகணும்?

அண்ணன் கையை எடுத்தார்.