பொன்னன் போட்ட வரிசை

படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பலத்தைக் காட்டி இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்தால் உடம்பு தன் எடையிலேயே திரும்பிவிடும். அன்புச்செல்வி இதை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். சளி உறிஞ்சுவது, புண் வராமல் முதுகைத் துடைப்பது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது என எல்லாமே கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள்தாம். கற்றுக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்று. பேசாத மனிதனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது.

எடப்பாடிப் பக்கத்துக் காட்டு வேலைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். குமாரபாளையத்துக்கு வெளியே வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் பொன்னன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். பொங்கலுக்கும் திருச்செங்கோட்டுத் தேருக்கும் வீட்டில் இருப்பார். இருக்கும் நாளெல்லாம் வாய் ஓயாது. அவர் இல்லாத நாள்களில் அன்புச்செல்வி பக்கத்துத் தறிக்கூடத்தில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டையில் நூல் ஏற்றும் வேலை. மகள் அறிவுமதியைப் படிக்க வைத்து ஓசூருக்குக் கட்டிக்கொடுத்தாள்.

பிறகு ராய்ப்பூர் பக்கத்தில் ஒரு நாள், மேலே ஏற்றிய இரும்பு ராடு நழுவிப் பொன்னன் மீது விழுந்தது. கழுத்தெலும்பு நொறுங்கியது. தாடையும் போனது. உயிர் மட்டும் போகவில்லை. தொண்டையில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்பதில்லை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. தலையை வலப்பக்கம் ஒரு விரற்கடை திருப்ப முடியும்; கண்ணை மூடித் திறக்க முடியும். கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம். பக்கவாட்டில் பார்த்தால் இல்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் அந்தக் கண்களும் பதில் சொல்வதை நிறுத்தின. குழைத்த சோற்றை ஊட்டினால் கடைவாயில் வழிய விட்டார். மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. ஆள் போக முடிவு செய்துவிட்டார் என்பது அன்புச்செல்விக்குத் தெரிந்தது. தடுக்க வழி தெரியவில்லை.

வழியைக் கொண்டுவந்தவள் சுகன்யா. தறிக்கூடம் நடத்தும் பாப்பாயியின் தங்கை மகள். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். பரண் மீது அறிவுமதியின் பழைய லேப்டாப் கிடந்தது, பள்ளியில் அரசு இலவசமாகக் கொடுத்தது. கைக்கு வந்த வாரமே, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்தது போல அறிவுமதியும் அதைக் கடைக்குத் தூக்கிப் போய், அதிலிருந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அழித்துவிட்டு, காசு கொடுத்து வாங்க வேண்டிய வேறொன்றின் திருட்டு நகலை ஏற்றிக்கொண்டாள். அது வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது. சுகன்யா மறுபடி லினக்ஸையே ஏற்றினாள்.

"இதுக்குக் காசு கட்ட வேண்டியதில்லீங்க்கா. நமக்கு வேணுங்கற மாதிரி உள்ள கை வெச்சு மாத்திக்கலாம். யாரையும் கேக்க வேண்டா" என்றாள்.

"ஓசியில கெடைச்சதா? அப்ப அது ஓசி மாதிரிதான் ஓடும்" என்றாள் பாப்பாயி.

ஓடியது. ஒரு பழைய மௌஸின் பொத்தானைப் பெயர்த்து, பொன்னனின் வலது கன்னத்தருகே தலையணையில் ஒட்டினாள் சுகன்யா. திரையில் கட்டங்கள். வரிசை வரிசையாக வெளிச்சம் நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் டிக் என்று ஒரு சத்தம். வேண்டிய வரிசையில் தலையைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினால் அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக வெளிச்சம் நகரும். மறுபடி அழுத்தினால் எழுத்து விழும். எழுதி முடித்ததை மெஷின் படித்துக் காட்டும், மூக்கடைத்த தலைமையாசிரியர் குரலில்.

முதலில் எழுத்துகள் அ, ஆ என்று இருந்தன. பொன்னனுக்கு அது தோதுப்படவில்லை. சுகன்யா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, அவர் கண்ணால் சொல்லச் சொல்ல மாற்றினாள். முதல் வரிசையில் உடம்புக்கு வேண்டியவை. இரண்டாவதில் ஆட்களின் பெயர். அதற்குக் கீழே அவர் அதிகம் புழங்கும் எழுத்துகள் முன்னால், புழங்காதவை பின்னால். அந்த ஒழுங்கு வேறு யாருக்கும் விளங்காது. அது அவர் போட்ட வரிசை.

அதில் அவர் முதன்முதலாகப் பேசியது: "சோத்துல உப்பு இல்ல."

"ஏம் அம்மிணி, இத்தன நாளா உப்பில்லாத சோறா போட்ட?" என்று பாப்பாயி சிரித்தாள். அன்புச்செல்வி உப்பெடுக்கப் போகிற சாக்கில் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவர் சாப்பிட்டார்.

இரண்டு வருடம் அந்த டிக் சத்தம் வீட்டில் ஓடியது. அவள் தார் சுற்றும் ராட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து பக்கத்து அறையில் போட்டுக்கொண்டாள். காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே நூல் ஏற்றினாள்.

ஆடி மாதம். காற்று காலையிலிருந்தே கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மின்சாரம் போனது, வந்தது, உடனே போனது, மறுபடி வந்தது. லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று. சுவரில் மின்சாரம் இருந்தால்தான் அதற்கு உயிர். அந்த நேரம் பார்த்து அது தன் மென்பொருளைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி வந்து லேப்டாப்பின் பொத்தானை அழுத்தியபோது கட்டங்கள் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை ஆங்கில எழுத்துகள் நின்றன. அணைத்துப் போட்டாள். அதே எழுத்துகள்.

பொன்னன் தலையைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். டிக் வரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு அழுத்துவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மூடிய கண்களை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். சுகன்யாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, இங்க பிராக்டிகல் பரிச்சை நடக்குதுங்க. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குது?"

"எல்லாம் இங்கிலீசு, கண்ணு. கடைசி வரியில அடைப்புக்குள்ள ஐ, என், ஐ, டி..."

"புரிஞ்சுதுங்க. எழுதிட்டிருக்கறப்ப கரண்டு போயி டிஸ்க்குல அடி பட்டிருக்குது. சரி பண்ணிரலாம். ஆனா கரண்டு இப்படிப் போயிப் போயி வந்தா கை வைக்காதீங்க, மிச்சமிருக்கறதும் போயிரும். ஒரு யூ.பி.எஸ். கெடைக்குமா பாருங்க. மத்தியானம் நானே கூப்புடறேன்."

தறிகள் நின்றுபோன கூடத்தில் பாப்பாயி காற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். வைத்திருந்தாள். கறுப்புப் பெட்டி, அம்மிக்கல் கனம்.

"கேட்டாத் தராம இருப்பனா? அதுக்கு எதுக்கு இந்த ஓட்டம் ஓடற? மூஞ்சி பேயடிச்சாப்பல இருக்குது" என்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளக் இருந்தது கட்டிலுக்குப் பின் சுவரில். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, காலால் உள்ளே நெம்பி, வயரை மாட்டினாள் அன்புச்செல்வி. பச்சை விளக்கு எரிந்தது.

"இந்தா, வந்துருச்சுங்க. சுகன்யா கூப்புட்டதும் பேசிரலாம்" என்றாள் அவரிடம். கண் திறக்கவில்லை.

சற்று நேரத்தில் அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. காற்று அடிக்கிற அறையில் எதற்கு வியர்வை? கோபம் என்று நினைத்தாள். துடைத்தாள். மறுபடி பூத்தது. முகம் சிவந்தது, கழுத்து வரைக்கும் செங்கல் நிறம். கையில் மயிர் சிலிர்த்து நின்றது. நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணைத் திறந்தார், அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

"மாமா, என்னுங்க? நெஞ்சு வலிக்குதா?"

பக்கவாட்டில் பார்த்தார். இல்லை.

"மூச்சு முட்டுதா?" இல்லை. தொண்டைக் குழாயைச் சுத்தம் செய்தாள், சளி இல்லை. "காச்சலா?" தெர்மாமீட்டர் வைத்தாள், காய்ச்சல் இல்லை. "வயிறா? முதுகா? தல வலிக்குதா?" கண் மூடித் திறந்தது. ஆமாம். தலை. தைலம் எடுத்து வந்து தேய்த்தாள். இல்லை, இல்லை என்று கண் ஓடியது. சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். சற்று முன்புதான் காலி செய்திருந்தாள், காலியாகவே தொங்கியது. அதனால் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பாப்பாயி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "பாலத்துப் பக்கம் புளிய மரம் விழுந்து கெடக்குதாமா. சுத்திக்கிட்டு வாராங்களாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, உம் புள்ளைக்கு ஒரு போன் பண்ணிரு" என்றாள்.

அன்புச்செல்வி அதைக் காதில் வாங்காதவள் போல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொசுவா, எறும்பா, துணி உறுத்துதா, என் மேல கோவமா, சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க. தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கேட்டதெல்லாம் அவள் பயத்திலிருந்து வந்த கேள்விகள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தலையணையில், பொத்தான். செத்த மெஷினின் பொத்தானை அவர் அழுத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை அழுத்தி, சற்று நிறுத்தி, மறுபடி. திரையில் கட்டம் இருந்தால் எப்படி அழுத்துவாரோ அப்படி. அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். முதல் வரிசை, அதன் கடைசிக் கட்டம்.

என்ன இருக்கிறது அந்தக் கட்டத்தில்? திரையை அவள் உட்கார்ந்து படித்ததே இல்லை. ஆனால் டிக்குகளையும் அவற்றின் பின்னே மெஷின் படித்ததையும் இரண்டு வருடம் கேட்ட காது அது; வாய் தானாக ஆரம்பித்தது.

"மொத வரிசைங்களா?"

கண் மூடித் திறந்தது.

"தண்ணி. திருப்பு. சளி. வெளிச்சம். டியூப்பு."

டியூப்பு என்றதும் கண்கள் மூடின. மூடி, மூடி, மூடித் திறந்தன.

குனிந்து போர்வையை விலக்கினாள். குழாய் கட்டில் சட்டத்திலிருந்து இறங்கி, பைக்குப் போகும் வழியில், தரையில் வளைந்திருந்தது. அந்த வளைவின் மேல் உட்கார்ந்திருந்தது யூ.பி.எஸ். பெட்டி. அவள் காலால் நெம்பித் தள்ளிய பெட்டி.

"அக்கா, தூக்குங்க!"

இரண்டு பேரும் இழுத்தார்கள். நசுங்கிய குழாய் மெல்ல உப்பியது. சிறுநீர் பைக்குள் பாய்ந்தது, நிற்காமல். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த உடம்புக்குக் கழுத்துக்குக் கீழே வலி தெரியாது; சிறுநீர் அடைத்தால் ரத்த அழுத்தம் தலைக்கு ஏறும்; விட்டால் மூளையில் ரத்த நாளம் வெடிக்கும். தலையை உயர்த்து, இறுக்கமாக இருப்பதைத் தளர்த்து, குழாயைப் பார். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வராததால் மறந்துவிட்டிருந்தாள். கட்டிலின் தலைமாட்டைச் சுழற்றி உயர்த்தினாள், வேட்டி முடிச்சை அவிழ்த்தாள். செங்கல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வியர்வை நின்றது. பாப்பாயி தரையில் உட்கார்ந்து, "எம் பொட்டியால ஒரு கொல விழுந்திருக்கும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அழுத்தம் பார்த்தார்கள். இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஏறினால் உடனே கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்புச்செல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகியிருந்தது. அந்த வரிசை முழுக்க அவள் தலைக்குள் இருக்கிறது.

"இனி அந்த மெஷின் இல்லாட்டியும் பரவாயில்லீங்க. நானே வரிசை சொல்றேன். நீங்க கண்ணக் காட்டுங்க, போதும்" என்றாள்.

அவர் பக்கவாட்டில் பார்த்தார்.

"ஏனுங்க? நான் சொல்றது வேகமா இருக்குதா?"

இல்லை.

வரிசை சொன்னாள். எழுத்து எழுத்தாக அவர் கண்ணைக் காட்டினார். அவள் கூட்டிப் படித்தாள்: "எனக்கு என் பேச்சு வேணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் திட்ட வேண்டும் என்றாலும் அவள் வாயால்தான் திட்ட வேண்டும்; அவளைப் பற்றிப் பாப்பாயியிடம் குறை சொல்ல வேண்டும் என்றாலும் அவளே எழுத்துக் கூட்ட வேண்டும். அது பேச்சில்லை. எழுந்தாள். குழாயைச் சட்டத்தோடு சேர்த்துத் துணியால் கட்டினாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

சுகன்யா கூப்பிட்டாள். "யூ.பி.எஸ். மாட்டிட்டீங்களாக்கா?"

"மாட்டிட்டேன். அந்தக் கதைய அப்பறம் சொல்றேன். என்ன அடிக்கோணும், சொல்லு."

"எஃப். எஸ். சி. கே. ஒரு எடம் விடுங்க. சின்னக் கோடு, அப்பறம் ஒய். மறுபடி எடம். இப்ப சாஞ்ச கோடு... கேள்விக்குறி இருக்கற பட்டன்லயே இருக்கும் பாருங்க."

ஒரு விரலால் தேடித் தேடி அடித்தாள். தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். எண்டர் தட்டியதும் எழுத்துகள் கொட்டின.

"ஓடுதா?"

"ஓடுது. நிக்காம ஓடுது. நல்லதா கெட்டதா?"

"தெரியலீங்க்கா. நின்னதும் ரீபூட்டுன்னு அடிங்க. ஃபைலு பொழைச்சிருந்தா வரும்."

வெளியே தகரம் படபடத்தது. விளக்கு அணைந்தது. யூ.பி.எஸ். கீச்சென்று கத்த ஆரம்பித்தது. திரை மட்டும் எரிந்தது. பொன்னன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் நின்றன. அவள் அடித்தாள். கறுப்பு. கறுப்பாகவே நின்றது. பாப்பாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அன்புச்செல்வி கையை உயர்த்தினாள்.

டிக்.

மறுபடி, டிக். கட்டங்கள் வந்தன, அவர் போட்ட வரிசையிலேயே. பொன்னன் தலையைத் திருப்பினார். வெகு நேரம் எடுத்தது. யூ.பி.எஸ். கத்திக்கொண்டே இருக்க, மூக்கடைத்த தலைமையாசிரியர் பேசினார்: "பாப்பாயி அக்கா. பொட்டியத் திருப்பித் தர மாட்டேன். என்னைய இவள நம்பி உட்டுட்டுப் போகாத."

"அடப் பாவி மனுசா!" என்றாள் பாப்பாயி.

அன்புச்செல்வி கீழே குனிந்து குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். பை நிறைந்திருந்தது. காலி செய்ய எடுத்துக்கொண்டு போனாள்.