பூட்டிய வீட்டுக்குள் கேட்ட 'நடக்கை'

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் என் மனம் ஆறாது. வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயராணி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறேன். கணவர் இம்மானுவேல் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் பிரின்சி. அப்போது அவளுக்கு மூன்று வயது.

போன ஐப்பசியில் ஒரு மாலை கடும் மழை. பஸ் வரவில்லை. எங்கள் சூப்பர்வைசர் தம் வண்டியில் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். நடந்தது அவ்வளவுதான். யாரோ அதை என் கணவரிடம் வேறுவிதமாகச் சொல்லிவிட்டார்கள்.

"ஒன் நடத்தை சரியில்லன்னு ஸ்டாண்டுல அவனவன் சிரிக்கிறான். இனிமே நீ வேலைக்குப் போவ வாணாம்" என்றார்.

போனை வாங்கிக்கொண்டார். மறுநாள் முதல் ஆட்டோவை எடுக்கும் முன் கதவை வெளியே பூட்டினார். நானும் பிள்ளையும் உள்ளே. தெருவைப் பார்க்க ஒரே ஜன்னல். பிரின்சி கதவைத் தட்டித் தட்டி அழுவாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரோடு சபைக்குப் போவேன். போதகரிடம் ஒருமுறை தனியே அழுதேன். அவர் நல்ல மனிதர். "பொறுத்துக்கம்மா. மனைவி வாயத் தொறக்காம நடக்கையாலயே புருஷன நல்வழிக்கு ஆதாயப்படுத்தணும்னு வேதத்துல பேதுரு எழுதியிருக்காரு" என்றார்.

கணவர் சொன்னதும் நடத்தை. வேதம் சொன்னதும் நடக்கை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். 'ஆண்டவரே, தாங்குவதற்குப் பெலன் தாரும்' என்பதற்கு மேல் ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பூக்கட்டி விற்கும் மல்லிகா அக்கா, பூட்டைப் பார்த்து ஜன்னலில் விசாரித்தபோதும், "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தை மாதம் எங்கள் பகுதியில் சபைகள் சேர்ந்து நடத்தும் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. அன்று காலையிலிருந்தே பிரின்சிக்குக் காய்ச்சல். "மருந்து வாங்கியாறேன்" என்று பூட்டிவிட்டுப் போனவர், வேப்பூருக்குச் சவாரி கிடைத்துப் போய்விட்டார். மதியத்துக்குள் பிள்ளையின் உடம்பு கொதித்தது. ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் வந்தது. பெண்கள் கூட்டத்தில் பேச வந்திருந்த, வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் கற்பிக்கும் ஓர் அம்மா.

"நடக்கைங்கிறதுக்குப் பேதுரு எழுதின கிரேக்க வார்த்தை அனஸ்த்ரொஃபே. திரும்புறதுங்கிற சொல்லுலேருந்து வந்தது. மனுஷங்க நடுவுல போய் வந்து, பேசிப் பழகி வாழுற முழு வாழ்க்கைக்கும் அதுதான் பேரு. முன்னோர்கள் வழியா வந்த வீணான நடத்தையிலேருந்து கிறிஸ்து உங்கள மீட்டாருன்னு சொல்றப்பவும் பேதுரு இதே வார்த்தையைத்தான் போடுறாரு. அப்ப, எல்லா நடக்கையும் சகிச்சுக்கிறதுக்கு இல்லம்மா. மீட்கப்பட வேண்டிய நடக்கையும் இருக்கு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நடக்கவே இடமில்லையே, நடக்கை எங்கிருந்து வரும்? அன்று முதல்முறையாக என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, தாங்கிக்கொள்ள அல்ல. என்னை வெளியே கொண்டுவாரும்."

ஜெபித்து முடிக்கவில்லை. மடியில் பிரின்சிக்கு வெட்டி இழுத்தது. கண் செருகியது. என் வாயைக் கட்டியிருந்தது எதுவோ அந்த நொடியில் அறுந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"அக்கா! மல்லிகாக்கா! கதவ ஒடைங்கக்கா!"

அக்கா கடப்பாரையோடு வந்தார். பூட்டு தெறித்து விழுந்தது. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே திட்டினார். "பூட்டப் பாத்துப் பாத்து என் வவுறு எரியுது. நீ ஒரு வார்த்த கூப்புட்டா ஒடைக்கலாம்னுதான் இருந்தன். கூப்புடலியேடி!"

செருப்பில்லாமல் ஓடினேன். தெருமுனையில் வந்த ஆட்டோ அரசு ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கொண்டுபோனது. ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது. சாயங்காலம் பிரின்சி கண் விழித்து, "அம்மா, பன்னு வேணும்" என்றாள். ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்தான் எனக்கு வந்தது.

கணவர் வந்து கட்டில் ஓரம் நின்றார். நான் கையைக் கட்டிக்கொள்ளவில்லை, தலை குனியவில்லை. "பூட்டுற வூட்டுக்கு நானும் வரமாட்டேன், புள்ளயும் வராது" என்றேன்.

இப்போது கருவேப்பிலங்குறிச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் கம்பெனிக்குப் போய்வருகிறேன். போதகர் வந்து, "அந்த வசனத்த நான் ஒனக்குத் தப்பாச் சொல்லிட்டேம்மா" என்று வருத்தப்பட்டார். கணவர் ஞாயிறுதோறும் பிள்ளையைப் பார்க்க வருகிறார். போன வாரம், "வூட்டுக்கு வரியா ராணி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவருக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அடைபட்டுக் கிடக்கிற சகோதரியே, மௌனம்தான் பக்தி என்று யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் நம்பினேன். கர்த்தரை நோக்கிக் கூப்பிடு. அடுத்த வீட்டாரையும் கூப்பிடு. கர்த்தர் யார் கையில் கடப்பாரையைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.