கையாலதான் பிசையறேன்

ரோசமெல்லுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. என் கடையில் மாவு வாங்கினால் என் தராசை நம்பாமல் வீட்டுக்குப் போய் இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்பான். கொரொனெல் ஊரின் மேட்டுத் தெருவில் ரொட்டி சுட்டு விற்பவன். ரொட்டி அவ்வளவு நன்றாக இருக்கும் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

பெரிய கடைகளின் அட்டைக் கடன், வங்கிக் கடன், என்னிடம் மாவுக் கடன், பிரிந்துபோன மனைவியிடம் வளரும் மகள் யாஸ்னாவுக்கான ஜீவனாம்சப் பாக்கி. எல்லாமாகக் கழுத்தை நெரித்ததும் திவால் மனு போட்டான். மனுவோடு கொடுத்த சொத்துப் பட்டியலில் கட்டில், டிவி, அடுப்பு எல்லாம் எழுதினான். மாவு பிசையும் மெஷினை மட்டும் எழுதவில்லை. அவன் பிழைப்பே அதுதான். தெரு முழுக்கப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைப் போர்வையால் மூடி எலியெசரின் வண்டியில் ஏற்றிவிட்டான். எலியெசர் யாஸ்னாவின் ஞானத்தகப்பன். கீழ்த்தெருவில் மாவுக்குள் கறி அடைத்த எம்பனாடா போட்டு விற்கிறவன்.

"என் தராசை நம்ப மாட்டே, அவனை நம்புவியாக்கும்?" என்று கேட்டேன்.

"எம்பிள்ளைய ஞானஸ்நானத்துக்குக் கையில ஏந்தினவன்க்கா. பேப்பரும் பேனாவுமா வர்றவங்களத்தான் நம்பக் கூடாது."

அப்படித்தான் சொத்தைக் கணக்கெடுக்கக் கோர்ட்டு நியமித்த பரேதஸ் அம்மாள் வந்தார், பேப்பரும் பேனாவுமாக. என் கடன் என்ன ஆகுமோ என்று நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"சாமான வித்து வர்றதக் கடன் கொடுத்தவங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்போம். மிச்சக் கடனெல்லாம் ரத்தாயிடும். பொண்ணுக்குக் கட்டவேண்டியது மட்டும் ரத்தாகாது."

நான் குறுக்கே புகுந்தேன். "வங்கிக்காரன் பணமும் என் மாவும் ஒண்ணா மேடம்?"

"சட்டத்துக்கு ஒண்ணுதாம்மா." பிறகு அவனைப் பார்த்தார். "டிவிய எடுத்துக்குவோம். கட்டிலும் அடுப்பும் உங்களுக்கே."

"ஏன், கட்டில் எதுக்கு விடறீங்க?" ரோசமெல்லின் கண் சுருங்கியது.

"படுக்கணும்ல? தொழில் சாமானையும் எடுக்க மாட்டோம். ஆமா, பிசையற மெஷின் பட்டியல்ல காணோமே? இருந்தாச் சொல்லுங்க. இப்பவே சேர்த்து எழுதி உங்ககிட்டயே விட்டுடறேன்."

அவ்வளவு இனிப்பாக ஒரு அதிகாரி பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"கையாலதான் பிசையறேன்" என்றான் ரோசமெல். அந்த அம்மாள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அவனும் கையெழுத்துப் போட்டான். சாயங்காலமே எலியெசர் வீட்டுக்குப் போய், அதிகாரியை எப்படி ஏமாற்றினேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. என் மாவுக் கடனும் சேர்ந்து ஒழிந்தது. நாசமாய்ப் போக என்று திட்டிவிட்டு, மெஷினைத் தூக்க ஒரு கை வேண்டுமே என்று நானும் அவனோடு போனேன். எலியெசரின் அடுக்களையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துப் போக வந்திருக்கிறேன் என்றான் ரோசமெல்.

"எந்த மெஷின் மச்சான்?" என்றான் எலியெசர்.

"விளையாடாதே."

"நீதான் கையால பிசையறேன்னு எழுதிக் கொடுத்துட்டியே. இது உன்னுதுன்னா கோர்ட்டுல போய்ச் சொல்லு. மறைச்சு வச்சேன்னு தெரிஞ்சா, போன கடனெல்லாம் திரும்பி வந்து நிக்கும். போலீசும் வரும்."

ரோசமெல் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். எனக்கு என் கடன்கூட மறந்துபோனது.

இப்போது அவன் சுடுவது முன்பு சுட்டதில் பாதிகூட இல்லை. தோள்பட்டை வீங்கிக் கிடக்கிறது. வருவதெல்லாம் அந்த ஒரே ஒரு ரத்தாகாத பாக்கிக்குப் போகிறது.

போன சனிக்கிழமை நான் அவன் வீட்டில் இருக்கும்போது யாஸ்னா வந்தாள், கையில் எம்பனாடா பொட்டலத்தோடு.

"ஞானப்பா கொடுத்தாருப்பா. மாவு எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாரேன். நீ ஏன் இப்படிப் பிசைய மாட்டேங்கிறே? உன் மெஷின் எங்கே?"

ரோசமெல் என்னை ஒரு தரம் பார்த்தான்.

"கையாலதான் பிசையறேம்மா" என்றான்.